ஹாஜ்ராவில் இறங்குவது

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் "லேசான பக்கவாதம்தான்" என்றார். பணிக்காலம் முழுவதும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து மற்றவர்களின் மருத்துவ விடுப்பை அனுமதித்தும் நிராகரித்தும் வந்தவன் நான். சான்றிதழில் 'லேசான' என்று எவர் எழுதியிருந்தாலும் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன். டாக்டருக்கு அப்படிப் போட முடியவில்லை. பென்சில் பிடிக்கும் வலது கை நன்றாகத்தான் இருந்தது. நாக்குதான் அன்று என் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது இடது கை பக்கத்தைத் திருப்ப மறுத்தது. கையைப் பார்த்தேன். அது வேறு யாருடைய கையோ போல மடியில் கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து வந்தது அவள் பெயர் இல்லை. அவள் வந்து என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் இருந்தோம். அவள் கல்கத்தாவில், பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழ் பேசுவாள், பயம் வந்தால் வங்காளி. அன்று காரில் போகும் வழியெல்லாம் வங்காளிதான். சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தேன் என்று பிறகு சொன்னார்கள். நான் பிழைத்தது நடைமுறையைப் பின்பற்றாத ஒரு பெண்ணால்தான். அவள் எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் நேராக உள்ளே நுழைந்து கத்தியிருக்கிறாள்.

வீடு திரும்பிய பிறகு இடது பக்கத்தின் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்கத் தொடங்கினேன். இதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை, என் வாழ்க்கையில் பதவி உயர்வு வந்த நாட்களில்கூட அப்படி ஒரு பரபரப்பை நான் அனுபவித்ததில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்ட அன்று ஊஞ்சலில் ஏறிய பையனைப் போல இருந்தது. தம்ளரிலிருந்து டவராவுக்குக் காபியை ஆற்றி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாதபோது மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"என்ன?"

"சிந்தலை."

"ஆறிப் போயிடுத்து, குடிங்கோ."

அவளுக்குப் பாராட்டத் தெரியாது என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் என்பதை அறிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் சென்னையிலிருந்து வந்தது. எங்கள் ஒரே மகள் அங்கே பதினான்காவது மாடியில் குடியிருக்கிறாள். நோய் வந்தபோது ஓடி வந்து கூட இருந்துவிட்டுப் போனவள், போன கையோடு எங்கள் இருவருக்கும் அடுத்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். திரும்பி வர டிக்கெட் இல்லை. என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் குடியிருக்கும் பவானிபூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, மிச்ச காலத்தை அவளோடு கழிக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்பான உத்தரவுதான். அன்பான உத்தரவுகளுக்குத்தான் மேல்முறையீடு செய்ய முடியாது.

நான் செய்தேன். வீடியோ அழைப்பில் வாதாடினேன்.

"அப்பா, நீ தனியா வெளில போயிட்டு வர முடியுமா, சொல்லு. முடியும்னா நான் ஒண்ணும் சொல்லலை."

அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிபந்தனையோடு கூடிய உத்தரவு இது. நிபந்தனையை நிறைவேற்றினால் உத்தரவு தானாக ரத்தாகும்.

"தனியான்னா என்ன? வரையறு."

"ஐயோ. தனியான்னா தனியா. அம்மா கைய பிடிச்சுக்காம."

"லேக் மார்க்கெட் வரைக்கும் பஸ்ல போயிட்டு பஸ்லயே வரேன். போறுமா?"

"பஸ்ஸா? மெட்ரோல போயேன்."

"அதுல லிஃப்ட் இருக்கு. லிஃப்ட்ல போயிட்டு வந்தா தேறினது லிஃப்ட், நான் இல்ல."

மனைவி போனுக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் பக்கமும் பேசவில்லை. மகள் அவளைக் கேட்டாள்: "அம்மா, நீ என்ன சொல்ற?"

"போயிட்டு வரட்டும், பாப்போம்" என்றாள். எனக்கு ஆதரவாக விழுந்த ஓட்டு என்று அதை எண்ணிக்கொண்டேன்.

பஸ் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் தனியார் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு எங்கும் எழுதப்படாத ஒரு விதிமுறை இருக்கிறது. பெண்கள் இறங்குவதாக இருந்தால் நடத்துனர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்" என்று ஓட்டுனருக்குக் குரல் கொடுப்பார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று பொருள். பஸ் ஆணி அடித்தாற்போல் நிற்கும். இறங்குவது ஆண் என்றால் நிற்காது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். "பாங் பா, பாங் பா" என்பார் நடத்துனர். இடது கால் முதலில். பஸ் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு இடது காலைத் தரையில் வைத்து, வலது காலைப் பின்னோடு கொண்டு வந்து, ஓரிரண்டு அடி ஓடி நிற்க வேண்டும். வலது காலை முதலில் வைத்தவன் தெருவில் உருளுவான். மாணவனாக இருந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் இறங்கி வந்திருக்கிறேன். நடத்துனர் எனக்காகப் பஸ்ஸை நிறுத்தினால் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

என் இடது கால்தான் நோயாளி என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

இதைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், பிசியோதெரபி செய்ய வரும் பெண் ஒரு நாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் என்னை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தும் வரை. ஜாதவ்பூரிலிருந்து சைக்கிளில் வருகிற, என்னை மேஷோமஷாய், அதாவது பெரியப்பா, என்று கூப்பிடுகிற கண்டிப்பான பெண். "மேஷோமஷாய், ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில். நல்ல கால் மேலே நின்று உடம்பைத் தாங்கி இறக்கிவிடும்" என்றாள்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். இறங்கும்போது இடது கால் முதலில். மருத்துவத் துறை சொல்வதும் பஸ் நடத்துனர் சொல்வதும் ஒன்றுதான். என் பணிக்காலத்தில் இரண்டு துறைகள் ஒரே கோப்பில் ஒரே கருத்தை எழுதி நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கிறீர்கள்?"

"பஸ்ஸில் இறங்குவதும் இப்படித்தானே?"

"நின்ற பஸ் என்றால் இப்படித்தான்." அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நின்ற பஸ்தானே?"

"தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்றேன். அரசு மொழியில் அதன் பொருள் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னப் பெண்.

அதன் பிறகு தினமும் காலையில் வீட்டு வாசலின் கடைசிப் படியில் பயிற்சி. வலது கையால் கிரில்லைப் பிடித்துக்கொள்வது, இடது காலை இறக்குவது, பின்னோடு நாலு அடி வேகமாக நடப்பது. திரும்ப ஏறுவது, திரும்ப இறக்குவது. கார் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார்.

"என்ன தாதா, எந்தக் கிளப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்றார் வங்காளியில். "இடது காலால் கோல் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன்."

"முதலில் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம்" என்றேன். முன்பு அவர் கிண்டல் செய்தால் எரிச்சல் வரும். அன்று அவர் என்னைக் கிண்டல் செய்தது பெரிய மரியாதையாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கோயிலில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்கள் நடைபாதையில் இன்னும் அடுக்கிக் கிடந்த ஒரு காலை நான் கிளம்பினேன். தோளில் துணிப்பை. மனைவி கதவு வரை வந்தாள்.

"மாத்திரை போட்டுண்டாச்சா?"

"ஆச்சு."

"போன்?"

"இருக்கு."

"சரி, போயிட்டு வாங்கோ."

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்று என்னிடம் வேலை பார்த்த கிளார்க்குகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உற்சாகத்தில் மறந்துவிட்டேன்.

எங்கள் நிறுத்தமான ஹாஜ்ரா சந்திப்பில் பஸ் வந்தது. பின்கதவு. வலது கால் முதலில். வலது கையால் கம்பியைப் பிடித்தேன். நடத்துனர் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார், மூட்டை ஏற்றுவது போல. இத்தனை நாட்களாக எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமானைப் போலத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தள்ளுக்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. உள்ளே அதே டீசல் வாசனை, யாரோ கோயிலுக்குக் கொண்டுபோகும் சாமந்தி மாலை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேர் தேசப் பிரச்சினை போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம், நிற்கிறேன் என்றேன். ஓட்டுனர் பிரேக் போட்டார். உட்கார்ந்துகொண்டேன். டிக்கெட்டை வாங்கி, எல்லோரையும் போல நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகினேன், இடது கையின் விரலிடுக்கில். அது விழவில்லை. காளிகாட் கடந்தது, ராஷ்பிகாரி சந்திப்பில் பஸ் இடதுபக்கம் திரும்பியது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. நல்லவேளையாக நான் பாடினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

லேக் மார்க்கெட் வருவதற்கு முன்பே எழுந்து கதவருகே போய்விட்டேன். பஸ் வேகம் குறைந்தது. நடத்துனர் என் முழங்கையைத் தொட்டு, "பாங் பா, தாது" என்றார். தாது என்றால் தாத்தா. போன வருடம் வரை தாதா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று. அதை அப்போது பொருட்படுத்தவில்லை. இடது காலைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து முன்கதவிலிருந்து குரல் வந்தது: "ஆஸ்தே, லேடீஸ்." பஸ் ஆணி அடித்தாற்போல் நின்றது. நான் எங்கள் வீட்டு வாசற்படியில் இறங்குவது போல, அசையாத ஒரு வண்டியிலிருந்து அசையாத தரையில் இறங்கினேன்.

எந்த லேடீஸ் என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். முன்கதவு வழியாக, கையில் நைலான் பையோடு, என் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"முருங்கைக்காய் வாங்க. ஏன், மார்க்கெட்டுக்கு வரதுக்கு உங்ககிட்ட பாஸ் வாங்கணுமா?"

"என்னைத் தனியா அனுப்பறேன்னு சொன்ன."

"தனியாத்தானே வந்தேள். நான் லேடீஸ் சீட்ல முன்னால, நீங்க பின்னால. நடுவுல பாதி கல்கத்தா நின்னுண்டிருந்தது."

"உனக்காக பஸ் நின்னுடுத்து. பரீட்சை செல்லாது."

"செல்லாதுன்னு யாரு சொன்னா? இங்க யாரும் கேக்கலையே."

"நான் சொல்றேன். பொண்ணு கேப்பாளே, அப்பா தானா இறங்கினாரான்னு. நீ என்ன சொல்லுவ?"

அவளுக்குப் பொய் வராது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். வீடியோவில் அது தெளிவாகத் தெரியும்.

மார்க்கெட்டுக்குள் போனோம். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். கறிவேப்பிலையை முகர்ந்தாள். வாழைப்பூவின் மேல் மடலைத் திறந்து பார்த்துவிட்டு, கடைக்காரியிடம் நேற்றுப் பறித்ததை ஏன் இன்று விற்கிறாய் என்று சண்டை போட்டாள். கடைக்காரி விடவில்லை. "மாஷிமா, நீங்கள் என்றைக்குப் பிறந்தீர்கள் என்று நான் கேட்டேனா?" என்று பெரியம்மா முறை வைத்தே கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வாழைப்பூ பையில் விழுந்தது. இந்தச் சண்டை சென்னையில் பதினான்காவது மாடிக்கு வந்து சேராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரை விட்டு ஒரு நாளும் எங்கும் குடியிருக்காதவள் அவள்.

"உனக்கு அங்க போக இஷ்டமா?" என்று கேட்டேன். இத்தனை வாதாட்டத்திலும் நான் கேட்காமல் விட்ட கேள்வி.

கறிவேப்பிலையைப் பையின் ஓரத்தில் செருகிக்கொண்டே சொன்னாள்: "இஷ்டம் என்ன இஷ்டம். அங்க ஜன்னலைத் திறந்தா வானந்தான் தெரியும். யார்கூட சண்டை போடறது, மேகத்தோடயா?" பிறகு நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஆனா நீங்க எங்கயாவது விழுந்து கிடந்தா? யாரு வந்து எனக்குச் சொல்லுவா? நான் என் கண்ணால பாக்கணும்னு வந்தேன். அவளுக்காக இல்ல. நான் பாத்தாத்தான் எனக்கு வீட்ல நிம்மதியா உக்கார முடியும். பாக்கலைன்னா அவ சொல்றதுதான் சரி. கிளம்பிடலாம்."

இப்போது எனக்குப் புரிந்தது. முடிவெடுக்கும் அதிகாரி சென்னையில் இல்லை. நான் இத்தனை நாளும் தவறான மேசைக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்கதவில் ஏறி ஜன்னலோரத்து லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தாள். ஹாஜ்ரா என்று சொல்லி டிக்கெட் வாங்குவது கேட்டது. நான் பின்னால் நின்றேன். இந்த முறை யாரும் இடம் கொடுக்கவில்லை. அதுவும் நல்லதே. ஆனால் மனசு கனத்துக்கொண்டே வந்தது. ஹாஜ்ராவில் அவள் இறங்குவாள், லேடீஸ் என்று குரல் வரும், பஸ் நிற்கும், நான் கட்டையைப் போல இறங்குவேன். ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கும் வரை இந்த ஊரின் விதி என்னைச் சோதிக்கவே விடாது. அவள் பார்க்காவிட்டால் பரீட்சை இல்லை. பார்க்க வந்தால் பரீட்சை நடக்காது. இந்த மாதிரிக் கோப்புகளை நாங்கள் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது வழக்கம்.

காளிகாட் தாண்டியது. நான் கதவுக்கு நகர்ந்தேன். முன்பக்கம் இன்னொரு நடத்துனர், சின்ன வயதுக்காரர், "மாஷிமா, ஹாஜ்ரா, வாருங்கள் கதவுக்கு" என்றார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாம்போ நா." நான் இறங்க மாட்டேன்.

"ஹாஜ்ராவுக்குத்தானே டிக்கெட் வாங்கினீர்கள்?"

"இப்போது இஷ்டமில்லை."

"அப்புறம் எங்கே?"

"அடுத்ததில். நீ அந்தப் பக்கம் பார், பின்னால் ஒருத்தர் இறங்குகிறார். நிறுத்தாதே. ஆண்பிள்ளைதான்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பரீட்சை அறைக் கதவு திறந்துவிட்டது. பின்பக்க நடத்துனர் தோளைக் குலுக்கினார். வண்டியைத் தட்டினார். வேகம் குறைந்தது, குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு மனிதன் நடக்கும் வேகத்துக்கு வந்தது. நடைபாதை மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. "பாங் பா" என்றார்.

வலது கை கம்பியில். முகம் பஸ் போகும் திசையில். இடது காலை இறக்கினேன். தரை பட்டது. முழங்கால் ஒரு நொடி யோசித்தது, மறுக்கலாமா என்று. மறுக்கவில்லை. கம்பியை விட்டேன். வலது கால் வந்தது, மறுபடி இடது, மறுபடி வலது. ஓடினேன். ஓட்டம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். பந்தல் மூங்கில் குவியலுக்கு முன்னால் வந்து நின்றேன். எதையும் பிடித்துக்கொள்ளாமல்தான். பஸ் என்னைக் கடந்தது. ஜன்னலில் அவள் தலை முழுவதும் வெளியே இருந்தது, கையையும் தலையையும் வெளியே நீட்டக் கூடாது என்று எழுதியிருக்கும் வரிக்கு நேர் மேலே. பஸ் சந்திப்பைத் தாண்டி மறையும் வரை அவள் தலை உள்ளே போகவில்லை.

நான் நடைபாதையில் நின்றுகொண்டே இருந்தேன். மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன். முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. அவர் இரண்டாம் முறை ஒரு மாதிரி பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த நிறுத்தத்திலிருந்து அவள் கூட்டத்தில் நடந்து வருவது தெரிந்தது. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. காதில் போன்.

"ஆமா, நான் பாத்தேன்... என் கண்ணால... இல்லடி, நிக்கலை, ஓடிண்டுதான் இருந்தது... என்ன பெரிய ஓட்டம், மாட்டுவண்டி மாதிரி... சரி, திட்டறதை அவர்கிட்டயே திட்டு. முதல்ல அந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணு... ரெண்டும்தான். நான் மட்டும் வந்து அங்க என்ன பண்ண?"

போனை என்னிடம் நீட்டினாள். மகள் திட்டினாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாயா, உனக்கு என்ன வயது, டாக்டரிடம் சொல்லட்டுமா. குதிக்கவில்லை, இறங்கினேன் என்று திருத்தம் கொடுத்தேன். அவள் ஏற்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் ஒரு முறை சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க இன்னும் சத்தமாகத் திட்டினாள். நான் முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

"வெச்சாச்சா?" என்றாள் மனைவி. "இந்தாங்கோ, இதைப் பிடிங்கோ. ஒரு ஸ்டாப் முழுக்க நடந்திருக்கேன், தோள் விட்டுப்போயிடுத்து."

நைலான் பையை என் பக்கம் நீட்டிவிட்டு, நான் வாங்கிக்கொண்டேனா என்றுகூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். வலது கையில் போன் இருந்தது. இடது கையில் வாங்கினேன். முருங்கைக்காய், வாழைப்பூ, ஒரு முழுத் தேங்காய். கனமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்லி அவள் திரும்பிக் கூப்பிட்டாள்.